குழியிலும் கொஞ்சம் அட்ஜஸ்ட்

“அப்பாவ ஐஸ் பெட்டியில போட்டு வெச்சுக்கிட்டு எடத்துக்குச் சண்ட புடிக்கிறது நல்லாவா இருக்குதுங்க சித்தி?” கிறிஸ்டோ போட்ட சத்தத்தில் பெட்டியின் தலைமாட்டில் நின்ற மெழுகுவத்தி ஆடிப்போனது.

“சத்தம் போடறது நீதான் சாமி. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அவர அங்க வெச்சுட்டா, நாளைக்கு என்னைய எங்க வெப்பீங்க?” ஞானசுந்தரியும் குரலைத் தாழ்த்தவில்லை.

வெளியே தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு எழுந்து ஜன்னலோரமாக வந்து உட்கார்ந்தார்கள். கேட்டால் சாரல் அடிக்கிறது என்பார்கள். ஏற்காட்டில் நவம்பரில் சாரல் அடிக்கத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு அடித்ததே ஜன்னல் பக்கமிருந்துதான்.

ஐஸ் பெட்டிக்குள் கிடந்தவர் சிங்கராயர். காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாதம் படுக்கையில் கிடந்து, முந்தின நாள் சாயங்காலம் கண்ணை மூடினார். கிறிஸ்டோ அவருடைய முதல் சம்சாரம் மரியசெல்வி பெற்ற பிள்ளை. அவன் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது மரியசெல்வி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதற்கு அடுத்த வருஷம் அந்த வீட்டுக்குள் வந்தவள்தான் ஞானசுந்தரி. அவனுக்குத் தலை சீவி, டிபன் கட்டி, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்து வளர்த்தவள் அவள்தான். ஆனாலும் அவன் ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. சித்தி என்பான், வாங்க போங்க என்பான். அந்த மரியாதையை நாலு பேர் முன்னால் மட்டும் போட்டிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். சோற்றுத் தட்டு நீட்டும்போதும் போட்டான்.

சண்டை கல்லறைக்காக. எஸ்டேட் கோயிலுக்குப் பின்னால் சரிவில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நாலடி தோண்டினால் பாறை தட்டும். அதனால் அங்கே ஒரு குழிக்கு இரண்டு பேர்தான் என்று பெரியவர்கள் காலத்திலேயே முறை வைத்துவிட்டார்கள். முதலில் போகிறவர் கீழே. பின்னால் போகிறவர் மேலே. இரண்டாம் ஆள் போனதும் கல்லை மூடி சிமெண்ட் பூசிவிடுவார்கள், மூன்றாவது பெட்டிக்கு அங்கே வேலை கிடையாது. மரியசெல்வியின் குழியில் மேல் இடம் காலியாக இருந்தது. அப்பாவை அங்கேதான் வைக்க வேண்டும், அது அவருடைய கடைசி ஆசை என்று கிறிஸ்டோ ஒற்றைக் காலில் நின்றான்.

அப்படி வைத்துவிட்டால் ஞானசுந்தரிக்கு மிச்சம் இருப்பது வாழவந்தி ரோட்டில் கோயிலுக்கென்று புதிதாக வாங்கிப் போட்ட கல்லறை நிலம். அங்கே இன்னும் ஆளே சேரவில்லை. வேலிக்கு உள்ளே புல்லும், வேலிக்கு வெளியே யாரோ ஒருத்தருடைய மாடும்தான்.

“புது எடம் நல்ல எடமுங்க சித்தி. சமதரை. கேட்டு வரைக்கும் காரு போகும்,” என்றான் கிறிஸ்டோ, கொஞ்சம் இறங்கி வந்தவன் மாதிரி.

“உள்ள படுத்திருக்கிறவங்களுக்குக் கார் எதுக்குண்ணா?” என்று கேட்டாள் ஸ்டெஃபி. அவள் ஞானசுந்தரி பெற்ற மகள், ரிசார்ட் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறாள். விருந்தாளிகளிடம் நாள் முழுக்கச் சிரித்துப் பேசுகிற வாய், வீட்டுக்கு வந்தால் அப்படிப் பேசும். அவளுடைய கட்சி நேரானது. அப்பாவைப் புது நிலத்தில் வைத்தால் அங்கே ஒரு புதுக் குழி கிடைக்கும், அதில் மேல் இடம் அம்மாவுக்கு.

தெரு இரண்டாகப் பிரிந்தது. முதல் தாலிக்குத்தான் உரிமை என்றது ஒரு பக்கம். கடைசிவரை மூத்திரத் துணி மாற்றியவளுக்குத்தான் உரிமை என்றது இன்னொரு பக்கம். பக்கத்து வீட்டு சரஸ்வதி இரண்டு பக்கமும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் பிணத்தை எரிப்பதுதான் வழக்கம், புதைக்கிற பேச்சே வந்ததில்லை. என்றாலும் அந்தக் கல்லறை முறையைக் கோயில் உபதேசியாரைவிடத் தெளிவாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

உபதேசியாரோ ஒரே வார்த்தையில் நின்றார். சம்சாரம் உயிரோடு இருக்கும்போது முந்தின குழியைத் திறக்க வேண்டுமானால், அந்த அம்மா தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் கடப்பாரை கல்லில் படாது. குழி வெட்டுகிற அங்கப்பன் சாரலுக்குக் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு சவுக்கு மரத்தடியில் குந்தியிருந்தான். மூன்று மணிக்குப் பூசை. மணி பத்தைத் தாண்டிவிட்டது.

ஆக, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் ஒரு காரியம் ஞானசுந்தரியின் வாயைப் பார்த்து நின்றது.

சிங்கராயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் பேச முடியாது. அட்ஜஸ்ட். மனுஷனுக்கு இங்கிலீஷ் நிறைய வராது, அந்த ஒன்று மட்டும் குறைவில்லாமல் வந்தது. கூலிக்காரர்களின் லைன் வீடு ஒன்றில் இரண்டு குடும்பத்தைப் போட்டுவிட்டு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்பார். நெருக்கியடித்துக்கொண்டு கிட என்று அதற்கு அர்த்தம். பழம் எடுக்கிற சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லி அதையே சொன்னால், பூசையை மற என்று அர்த்தம். எடை போடும்போது தராசைப் பார்த்து யாராவது முகம் சுளித்தாலும் அதே வார்த்தைதான், அங்கே அதற்கு வாயை மூடு என்று அர்த்தம். பஸ்ஸில் நாலாவது ஆளாக வந்து உட்கார்ந்தால் தள்ளு. குழம்பில் உப்பு ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்று. எஸ்டேட்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் எதை இழக்கப்போகிறோம் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞானசுந்தரிக்கு அது கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. கூறைப் புடவை மரியசெல்வி கட்டியதேதான். ஒருநாள் கட்டிய பட்டு, வீணாக எதற்கு, ஜாக்கெட்டை மட்டும் டெய்லரிடம் கொடுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். மோதிரமும் மரியசெல்வியுடையது. இவள் விரலுக்கு அது பெரிதாக இருந்தது. அடியில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். நூல் நைந்து போனால் வேறு நூல். கல்யாணமாகி இத்தனை வருஷமும் அந்த நூலின் நிறம்தான் மாறியது.

ஊரில் அந்த வார்த்தைக்குத் தமிழும் இல்லாமல் இல்லை. உபதேசியார் பிரசங்கத்தில் அதைத் தாழ்ச்சி என்பார். அவளைக் கட்டிக்கொடுத்த அத்தை, ஒத்துப் போ கண்ணு என்றாள். சரஸ்வதி பொறுத்துக்க என்பாள். கிறிஸ்டோ பெரியவனானதும் நீங்க பாத்துக்குங்க சித்தி என்றான். விட்டுக்கொடுப்பது, அனுசரிப்பது, சமாளிப்பது, கண்டும் காணாமல் இருப்பது என்று அத்தனை தமிழும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஒருநாள் ஸ்டெஃபி செல்போனில் அகராதியைத் திறந்து அந்த வார்த்தைக்கு அர்த்தம் வாசித்தாள். சரிசெய்தல். சீர்ப்படுத்துதல். பொருத்துதல். உரிய இடத்தில் அமைத்தல். கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஞானசுந்தரி, இன்னொருக்காப் படி என்றாள். ஸ்டெஃபி மறுபடி படித்தாள். கோணலாக இருப்பதை நேராக்குவதுதான் அதற்கு அர்த்தமென்றால், இந்த மலையில் அந்த வேலையை யாரும் செய்து அவள் பார்த்ததில்லை. இங்கே கோணல் இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் இருக்கிறவள்தான் வளைந்துகொள்ள வேண்டும்.

வளைந்ததிலெல்லாம் பெரிய வளைவு சவரியம்மா.

சவரியம்மா மரியசெல்வியைப் பெற்ற தாய். மகள் செத்ததும் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவள், ஞானசுந்தரி வந்த பிறகும் போகவில்லை. கட்டில் அவளுக்கு, அடுப்படி இவளுக்கு. ரசத்தை வாயில் வைத்ததும், செல்வி இன்னும் ரெண்டு மொளகு தட்டிப் போடுவா என்பாள். துணி துவைத்தால் செல்வி. கோலத்துக்கு மட்டும் செல்வி இல்லை, அவர்கள் வீட்டில் கோலம் போடுவதில்லை என்பதால். ஸ்டெஃபி பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம கிறிஸ்டோ நெறம் வரல என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்த ரத்தத்துக்கு எந்த நிறம் வரும் என்று கிழவிக்குத் தெரியாததல்ல.

ஸ்டெஃபி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் கிழவி போய்ச் சேர்ந்தாள். நியாயமாகப் பார்த்தால் மகள் குழியில் மேல் இடம் அவளுக்குத்தான். சிங்கராயர், செல்வி கல்லைத் தொட வேண்டாம் என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஞானசுந்தரி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பிறகு அவர் அவள் பக்கம் திரும்பி, “உங்கப்பா மேல எடம் சும்மாத்தான இருக்குது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க,” என்றார்.

அவளுடைய அப்பா மரியதாஸ் அந்தக் கோயிலில் மணி அடித்தவர். ஆத்தூரில் மனைவியைப் புதைத்துவிட்டு, கைப்பிள்ளையோடு மலை ஏறியவர். அவருக்கு இருந்தது ஒரே மகள். மகளுக்குக் கொடுக்க அவரிடம் நகையோ நிலமோ கிடையாது. படுக்கையில் விழுந்ததும், எனக்கு மேல உனக்கு எடம் இருக்குது கண்ணு, பயப்படாத என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தைத்தான் புருஷன் கேட்டார். அதுவும் முதல் தாரத்தின் தாய்க்கு. பிணம் வீட்டில் கிடக்கிறது, ஊர் முகத்தைப் பார்க்கிறது. அவள் சரி என்றாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் அவள்தான் இரண்டு கல்லுக்கும் சுண்ணாம்பு அடிப்பாள். மரியசெல்விக்குச் செவந்தி மாலை போடுவாள். பிறகு அப்பாவிடம் வருவாள். அவர் பெயருக்குக் கீழே சவரியம்மா என்று எழுதியிருக்கும். அப்பாவுக்கென்று ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் அது கிழவிக்கும் சேர்ந்து எரிந்தது. இரண்டாவது ஒன்று ஏற்றினால் கிழவிக்கு என்று தனியாக ஏற்றியதாக ஆகிவிடும். ஒவ்வொரு வருஷமும் இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

சாவதற்கு ஒரு வாரம் முன்னால் கஞ்சி புகட்டும்போது சிங்கராயர் வாயைத் துடைக்க விட்டுவிட்டுச் சொன்னார். “என்னைய செல்விகூட வெச்சிருங்க. நீ எப்படியும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவ.” அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அன்றைக்குக் குரல் உடைந்தது துக்கத்தில் இல்லை. தனக்கென்று போட்டு வைத்த சீட்டை மாமியார் பிடித்துவிடுவாளோ என்ற பயத்தில். அவள் மிச்சக் கஞ்சியையும் புகட்டினாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“சொல்லுங்கம்மா. நேரமாவுதுங்க,” என்றார் உபதேசியார்.

ஞானசுந்தரி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்து, சிங்கராயரின் முகம் பாதிதான் தெரிந்தது.

“அவர செல்விகூடவே வெய்ங்க. எனக்கு அதுல வருத்தமில்ல.”

ஜன்னலோரம் ஒரு ஏமாற்றம் பரவியது. இவ்வளவுதானா என்று இரண்டு பேர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தூக்கப் போனார்கள். ஸ்டெஃபி, அம்மா என்று பல்லைக் கடித்தாள்.

“ஆனா எங்கப்பா மேல இருக்கிற கெழவிய எடுத்துருங்க. செல்வி கல்லத் தொறக்கையிலயே அவளையும் அங்க எறக்கிருங்க. அம்மா, மக, மருமகன். மூணு பேரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும்.”

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. சரஸ்வதி காபியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினாள்.

கிறிஸ்டோவுக்கு முகம் வெளுத்தது. பாட்டியைத் தோண்டி எடுப்பதா, ஊர் என்ன பேசும் என்றான். ஊர் பேசத் தயாராக ஜன்னலோரத்தில்தான் இருந்தது. அவன் பெண்டாட்டி சுதாராணி அவனைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துப் போய் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது அவன், சித்தி சொல்றபடியே ஆகட்டுமுங்க என்றான். உபதேசியார் செல்போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மூலைக்குப் போய் ஃபாதரிடம் பேசினார். பழைய குழியைத் திறக்கும்போது பெட்டி மக்கியிருந்தால் உள்ளே இருக்கும் எலும்பை வெள்ளைத் துணியில் கட்டித் தலைமாட்டில் வைப்பது அங்கே வழக்கம்தான். அதையே ஒரு குழியிலிருந்து எடுத்து இன்னொரு குழியில் வைப்பது வழக்கமில்லை. குடும்பம் ஒத்துக்கொண்டால் ஜெபம் சொல்லிச் செய்யுங்கள், மூன்று மணிக்குள் முடியுங்கள் என்றாராம் ஃபாதர்.

அங்கப்பன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தான். பின்னால் கிறிஸ்டோ. அவனுக்குப் பின்னால், குடையை விரித்துக்கொண்டு ஞானசுந்தரி.

புருஷன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டியவள் குழிமேட்டுக்குப் போகிறாளே என்று பந்தல் முழுக்க வாயில் கை வைத்தது. ஸ்டெஃபி எழுந்தபோது, ஐஸ் பெட்டியை அடிவாரத்திலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்த சந்திரசேகர் ஒரு குடையை அவளிடம் நீட்டி, போய் அம்மாகூட இரு என்றான். அவன் சரஸ்வதியின் மகன். பக்கத்து வீட்டுப் பையன் குடை கொடுத்தால் அது உதவி. தெரு அப்படித்தான் நினைத்தது.

கல்லறைத் தோட்டத்தில் பனி இறங்கியிருந்தது. திருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக இருந்தது. மாலைகள் அழுகி, மெழுகு கல்லோடு ஒட்டிக் கிடந்தது. மரியசெல்வியின் கல் சுலபமாகப் பெயர்ந்தது. அங்கப்பன் இறங்கி, வழக்கப்படி எலும்பை வெள்ளைத் துணியில் கட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டு ஏறினான். கிறிஸ்டோ அந்த மூட்டையைப் பார்க்காமல் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாவை அந்தக் குழியில் வைத்தபோது அவனுக்கு ஆறு வயது. என்ன ஞாபகம் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. ஞானசுந்தரி தன் குடையை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவன் நனைந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

பிறகு மரியதாஸின் கல்.

சிமெண்ட்டை உடைக்கவே நேரம் பிடித்தது. கல்லைப் புரட்டியதும் மண் நன்றாக உள்வாங்கியிருந்தது தெரிந்தது. அங்கப்பன் தோண்டினான். பலகை வரவில்லை. இன்னும் தோண்டினான். மரத்தூள் மாதிரி ஒரு கறுப்பு மண் வந்தது. மார்பளவு இறங்கியவன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையால் துழாவினான். கொஞ்ச நேரம் கழித்துத் தலைத்துண்டை அவிழ்த்தான்.

“ஏனுங்கம்மா. சரிவுல தண்ணி நொம்ப எறங்கியிருக்குதுங்க. பெட்டி ரெண்டும் மக்கிப் போச்சு. மேல இருந்ததும் கீழ இருந்ததும் ஒண்ணாக் கெடக்குதுங்க.”

“ஒண்ணான்னா?”

“கலந்து கெடக்குதுங்க. எது உங்கப்பாரு, எது அந்தம்மான்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க.”

ஞானசுந்தரி குழியோரத்தில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டெஃபி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பழுப்பாக என்னென்னவோ கிடந்தன. அதில் அப்பா என்று எதுவும் இல்லை. மணிக்கயிறு இழுத்து இழுத்து அவருக்கு வலது கை தடித்திருக்கும். தோளில் அவளை உட்கார வைத்துக்கொண்டு கோபுரப் படி ஏறுவார். அந்தத் தோள் எலும்பு எது? இரண்டு பேர் கையிலும் சுற்றிப் புதைத்த ஜெபமாலைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன.

அங்கப்பன் தனக்குத் தெரிந்த இரண்டு வழியையும் சொன்னான். எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டினால் அவளுடைய அப்பாவும் செல்வி குழிக்கே போய்விடுவார். விட்டுவிட்டால் அந்தம்மா இங்கேயே இருப்பார். மூன்றாவது வழி அவனுக்குத் தெரியவில்லை.

இத்தனை வருஷமும் தான்தான் இடம் விட்டோம் என்று அவள் நினைத்திருந்தாள். ரசத்திலும் கட்டிலிலும் புடவையிலும் அவள் விட்டுக்கொடுத்தது அவளோடு போயிற்று. இந்த இடம் அப்படியில்லை. அவள் மேலே இருந்து சொன்ன ஒரு சரிக்கு, கீழே ஒருத்தர் வாய் பேசாமல் நசுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“ஆனா ஒண்ணுங்கம்மா,” என்றான் அங்கப்பன், ஆறுதல் சொல்கிற மாதிரி. “எல்லாம் எறங்கிப் போனதுல மேல இன்னொரு பெட்டிக்குத் தாராளமா எடம் ஆயிருச்சுங்க.”

கிறிஸ்டோவுக்குப் போன உயிர் வந்தது. “அப்பறம் என்னங்க சித்தி. உங்களுக்கு எடம் இருக்குதே. பாட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும். எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட்...” என்று ஆரம்பித்தவன், ஸ்டெஃபி பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினான்.

“சொல்லி முடிச்சுரு சாமி,” என்றாள் ஞானசுந்தரி. “உங்கப்பா வாயில பாதியில நின்னதே இல்ல.”

எங்கேயோ எஸ்டேட் பக்கம் பழம் எடுக்கிறவர்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கொள்வது பனிக்குள் கேட்டது. ஞானசுந்தரி குந்தியவாறே ஈரமண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். அடக்கம் பண்ணும்போது போடுவதுபோல மெதுவாக உள்ளே போட்டாள். மறுபடி அள்ளினாள். மறுபடி போட்டாள். அப்பா இறந்தபோது அவள் சின்னப்பெண், கையைப் பிடித்துத்தான் மண் போட வைத்தார்கள். இந்தத் தடவை யாரும் பிடிக்கவில்லை.

“மூடிருங்க,” என்று அங்கப்பனிடம் சொன்னாள்.

மூன்று மணிக்குப் பூசை நடந்தது. மணி அடித்தது. சிங்கராயர் தனக்கென்று காப்பாற்றி வைத்திருந்த இடத்தில் இறங்கிப் படுத்தார். ஒவ்வொருத்தராக வந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஞானசுந்தரி குழியோரம் வந்து நின்றாள், பார்த்தாள், மண் போடவில்லை. உபதேசியார் கூடையை நீட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டு விலகிக்கொண்டாள். அவள் நகக்கண்ணில் காலையில் அள்ளிய மண் அப்படியே இருந்ததைச் சரஸ்வதி பார்த்திருக்கிறாள். மோதிர விரலில் மோதிரம் இல்லை, நூல் மட்டும் இருந்தது என்றும் சொல்கிறாள். அது எந்தக் குழியில் விழுந்தது, விழுந்ததா போட்டாளா என்று அன்றைக்கு மாலைக்குள் நாலு விதமாகப் பேச்சு கிளம்பிவிட்டது. நாற்பது பேர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் அவள் மகள், பக்கத்தில் நின்ற சந்திரசேகரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்க்க ஒரு கண்ணும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிறிஸ்டோ முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளையடித்து ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டினான். சுடுதண்ணீர் வரவில்லை என்று சனிக்கிழமை கூட்டம் கூச்சல் போட்டால், மனுஷன் என்ன சொல்லிச் சமாளித்தான் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா. ஒரு வருஷத்தில் சலித்துப்போய் வீட்டை ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, சுதாராணியோடு ஓசூருக்குப் போய்விட்டான். ஸ்டெஃபியும் சந்திரசேகரும் சேலத்தில் ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் தெருவுக்கே விஷயம் தெரிந்தது. ஊரில் யார் வீட்டுச் சேதியையும் முதலில் சொல்கிற சரஸ்வதி இதைக் கடைசி ஆளாகக் கேட்டாள். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, தானே பார்த்து முடித்த கல்யாணம் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள்.

போன கல்லறைத் திருநாளுக்கு மரியசெல்வி கல்லில் சுண்ணாம்பு இல்லை. அடிக்க ஆளில்லை. மரியதாஸ் கல்லுக்கு மட்டும் யாரோ அடித்து, இரண்டு மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அங்கப்பனாகத்தான் இருக்கும், அவனிடம் கேட்டால் சிரிக்கிறான்.

சந்திரசேகருக்குக் கோயம்புத்தூரில் வேன் ஓட்டுகிற வேலை. ஸ்டெஃபிக்கும் அங்கேயே ஒரு ஹோட்டலில். ஞானசுந்தரியும் அவர்களோடு போய்விட்டாள். போன பிறகு ஒருநாள் உபதேசியார் போன் பண்ணினாராம். மரியதாஸ் குழியில் மேலே ஒரு இடம் இருப்பதாக அங்கப்பன் சொன்னான், அம்மா கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டீர்கள், இங்கே ஒரு குடும்பம் இடமில்லாமல் தவிக்கிறது, கொஞ்சம் அனுசரித்துப் போனால் நன்றாக இருக்கும் என்று தேன் மாதிரிப் பேசினாராம்.

“அது யாருக்கும் கெடையாதுங்க. எனக்கும் வேண்டாம்,” என்றாளாம் ஞானசுந்தரி. “எங்கப்பா மேல இனி ஒருத்தரும் வேண்டாம்.”

தன்னை எரித்துவிடச் சொல்லி ஸ்டெஃபியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பேச்சை எடுத்தால் மகள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுகிறாளாம். இரண்டே ரூம் உள்ள வீடு. ஸ்டெஃபிக்கு இது ஏழாம் மாதம், போன வாரம் சரஸ்வதியும் துணிமணியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.